சமனில் முடிந்தால் கேடயம் அவர்களுக்கே

அந்தக் கேடயத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பன், "காற்பந்து ஆடுனாலாவது டிவியில பாக்கலாம், இது என்னடா முட்டையைத் தூக்கிட்டு ஓடுற வெளாட்டு" என்பான். அவனுக்கு விளக்கி விளக்கியே எனக்கு நாக்கு தேய்ந்தது. இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வார இறுதிகளில் ரக்பி ஆடும் அணிகளுக்குள் ஒரு சவால் கேடயம் சுற்றிவந்தது. லீக் வேறு, இது வேறு. லீக்கில் ஆண்டு முழுக்க ஆடவேண்டும். நல்ல அணி மேலே போகும், எங்களைப் போன்ற அணி கீழேயே கிடக்கும், அதில் ஆச்சரியம் எதுவும் நடக்காது. கேடயம் அப்படியில்லை. அது யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குச் சவால் கடிதம் எழுதவேண்டும். அவர்கள் ஒத்துக்கொண்டால் அவர்களுடைய திடலுக்கே போய் ஆடவேண்டும். ஒரே ஒரு சாயங்காலம். எண்பது நிமிடம். ஜெயித்தால் அன்றைக்கே கேடயத்தை வேனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். அதற்கப்புறம் ஆசைப்படுகிறவர்கள் நம்முடைய திடலுக்கு வந்து கேட்கவேண்டும். லீக்கில் கடைசியில் இருக்கிறவன்கூட ஒரு நாள் மட்டும் ராஜா ஆகலாம். இதைவிட அழகான ஏற்பாடு எந்த விளையாட்டிலாவது இருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஆட்டம் சமனில் முடிந்தால் கேடயம் நகராது. வைத்திருப்பவர்களிடமே இருக்கும். கேட்டு வந்தவன் ஜெயித்துத்தான் ஆகவேண்டும்.

நான் கிள்ளான் அணிக்கு ஆடினேன். பட்டப்படிப்பு முடித்து, மூன்று வருடத்தில் நான்கு வேலை மாறி, எதிலும் கால் நிற்காமல் இருந்த காலம் அது. வியாழக்கிழமை ஆனால் கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே கிள்ளானுக்குப் பயிற்சிக்குப் போவேன். ரயிலில் ரக்பி விதிப்புத்தகத்தைக் கைப்பேசியில் படிப்பேன். அணியின் செயலாளரும் நான்தான். சவால் கடிதம் எழுதுவது, வாட்சாப் குழுவில் எல்லோரையும் விரட்டுவது, யார் வருகிறார், யார் வரவில்லை என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்குவது எல்லாம் என் வேலை. ஆட்டத்தில் ஒன்பதாம் எண் சட்டை. ஸ்க்ரம்மில் பெரிய ஆட்கள் முட்டிக்கொண்டு நிற்கும்போது, பின்னால் நின்று பந்தை எடுத்து, கண்ணிமைக்குமுன் அடுத்தவனிடம் வீசவேண்டிய சின்ன ஆள். யோசிக்காமல் சட்டென்று செய்கிறவன்தான் அந்த இடத்துக்குச் சரி. அதற்காகத்தான் என்னை அங்கே போட்டார்கள்.

எங்கள் அணியில் பாதிக்கு மேல் தமிழர்கள். ரக்பி என்றால் மலாய்ப் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் ஆடுவது என்றுதான் எங்கள் வீடுகளில் நினைப்பு. லோரி ஓட்டுகிறவர், மருத்துவமனை உதவியாளர், கேரி தீவிலிருந்து வரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், இப்படிப்பட்ட கூட்டம். ஆசிரியர்தான் எங்கள் உதைப்பாளர்; பூட்ஸ் போட்டால் ஆளே மாறிவிடுவார். கேப்டன் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். முப்பத்தைந்து தாண்டிய மெதடிஸ்ட்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் காலை ஆராதனையை முடித்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு நேரே திடலுக்கு வருவார். ஆறடிக்கு மேல் உயரம். பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தை மறுபடி உள்ளே வீசுவதற்கு லைன்-அவுட் என்று பெயர். இரண்டு வரிசையாக நின்று, ஆளைத் தூக்கிப் பிடித்து, அந்தரத்தில் பந்தைப் பிடிக்கவேண்டும். அதில் கேப்டனை ஜெயிக்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. அவர் பந்தைப் பிடித்து இறங்கியதும் எங்கள் ஆட்கள் அவரைச் சுற்றிப் பூட்டிக்கொண்டு, மாட்டுக்கூட்டம் மாதிரி ஒரே மூச்சாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

நான் சேர்ந்தபிறகு இரண்டு தடவை கேடயத்துக்குப் போனோம். இரண்டு தடவையும் நாற்பது, ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கினோம். அதனால்தான் எங்கள் கடிதத்தை அவர்கள் சுலபமாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரிய ரொம்ப நாள் ஆனது. நாங்கள் அவர்களுக்குப் பயிற்சி ஆட்டம்.

கேடயத்தை வைத்திருந்தது கோலாலம்பூர் பக்கத்து அணி ஒன்று. சொந்தத் திடல், சொந்த மனமகிழ் மன்றம். உள்ளே கழிவறைக்குப் போகிற வழியில் சுவரில் ஓர் ஆணியில் அது தொங்கும். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது, கறுத்த மரம், சுற்றிலும் நகம் அளவு வெள்ளித் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு தடவை ஜெயித்த அணியின் பெயர். முதல் தடவை போனபோது கிட்டே போய் ஒவ்வொரு தகடாகப் படித்தேன். எங்கள் பெயர் இல்லை. அவர்களுடைய ஆள் ஒருவர் கைகழுவிவிட்டு வந்தவர், பார்த்துக்கொள், பார்ப்பதற்குக் காசு இல்லை என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன செய்வது.

மூன்றாவது தடவைதான் கடைசித் தடவை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேப்டனின் கம்பெனி அவரை ஜொகூருக்கு மாறச் சொல்லியிருந்தது. வேறு மூன்று நான்கு பேர் சிங்கப்பூர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். லீக்கில் கடைசி இடத்துக்கு வேண்டி வாராவாரம் கிள்ளானில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஒரு வியாழக்கிழமை பயிற்சி முடிந்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது கேப்டன் சொன்னார். கேடயம் வந்தால் அவர் போகமாட்டார். கம்பெனியிடம் பேசிச் சமாளிப்பார். கேடயம் நம்மிடம் இருந்தால் பெரிய அணிகள் கிள்ளானுக்கு வந்துதான் ஆடவேண்டும், வேடிக்கை பார்க்கச் சனம் வரும், பையன்கள் சேருவார்கள். கேடயம் வைத்திருக்கிற அணியை விட்டு எவன் போவான் என்று மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரையும் பார்த்தார். லோரி அண்ணன் மாத்திரம், "வரலைன்னா?" என்று கேட்டார். கேப்டன் பாலில்லாத தே ஓ ஐஸை உறிஞ்சினார்.

ஆக அணி இருக்குமா இல்லையா என்பது அந்த ஓர் ஆட்டத்தில் இருந்தது. அன்றிரவே நான் குழுவில் பெரிய எழுத்தில் போட்டேன்: சமன் என்றால் தோல்வி, மறக்கவேண்டாம். நானேதான் போட்டேன்.

ஆட்டத்தன்று மத்தியானம் பேய்மழை. இடி ஓயும்வரை காத்திருந்து, நாலரைக்கு ஆரம்பிக்கவேண்டியது ஐந்தே காலுக்கு ஆரம்பித்தது. திடல் சேறு. அவர்களுடைய ஆட்டம் ஓட்ட ஆட்டம். பந்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பறப்பார்கள். சேற்றில் பறக்க முடியுமா? வழுக்கி விழுந்தார்கள். எங்கள் கனத்த ஆட்களுக்குச் சேறு என்றால் கொண்டாட்டம். பக்கக் கோட்டுக்கு வெளியே பந்து போனால் கேப்டன் எகிறினார், பிடித்தார், தள்ளினோம். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது ட்ரை, ஐந்து புள்ளி. ஒரு ட்ரை. இன்னொரு ட்ரை. இடைவேளையில் அவர்கள் முன்னணியில்தான் இருந்தார்கள், ஆனால் வெறும் மூன்று புள்ளி. எங்கள் பக்கத்து ஆட்டக்காரர்கள் யாரும் பேசவில்லை. பேசினால் உடைந்துவிடும் போலிருந்தது. எனக்கு மட்டும் வாய் நிற்கவில்லை. ஆளாளுக்குப் போய் விதி சொல்லிக்கொண்டிருந்தேன். லோரி அண்ணன் என் வாயில் ஆரஞ்சுச் சுளையை வைத்து அடைத்தார்.

அறுபதாவது நிமிடம் போல என் வலது கட்டைவிரல் பிசகிவிட்டது. பந்து கையில் நிற்கவில்லை. மாற்று ஆட்டக்காரன் உள்ளே போகவேண்டும். எதிரணி தப்பு செய்தால் எங்களுக்குப் பெனால்டி கிடைக்கும், அதைக் கோல் கம்பங்களுக்கு நடுவில் உதைத்தால் மூன்று புள்ளி. அப்படி உதைக்கும்போது பந்தை நிறுத்தி வைக்க ஒரு சின்ன ரப்பர் தாங்கி வேண்டும். வெளியிலிருந்து அதை உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பது மாற்று ஆட்டக்காரன் வேலை. அவன் இப்போது ஆடப் போகிறான் அல்லவா, ஓடுகிற ஓட்டத்தில் தாங்கியை என் இடது கையில் திணித்துவிட்டுப் போனான்.

கோட்டுக்கு வெளியே நின்றேன். என்னால் நிற்க முடியாது. நடந்தேன், குதித்தேன், கத்தினேன். எனக்குப் பின்னால் கிள்ளானிலிருந்து வந்த பெண்டாட்டி பிள்ளைகள், அத்தை மாமாக்கள், ஒரு நாற்பது பேர் குடையோடு நின்றார்கள். எங்களுக்குப் பதினேழு, அவர்களுக்கு இருபது. நேரம் முடிந்துவிட்டது, இதுதான் கடைசி நகர்வு என்று நடுவர் கை காட்டிவிட்டார். பந்து எங்களிடம் இருந்தது. முட்டி முட்டி முன்னே போனோம். அவர்களுடைய கடைசிக் கோட்டுக்கு இருபது மீட்டர் இருக்கும்போது அவர்களுடைய ஆள் ஒருவர் படுத்துக்கொண்டே பந்தைப் பிடித்து இழுத்தார். விசில். நடுவரின் கை எங்கள் பக்கம் உயர்ந்தது. பெனால்டி.

இப்போது செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. பந்தைப் பக்கக் கோட்டுக்கு வெளியே உதைத்தால், நேரம் முடிந்திருந்தாலும் அங்கிருந்து எங்களுக்கு லைன்-அவுட். அவர்களுடைய கடைசிக் கோட்டுக்கு ஐந்து மீட்டர். கேப்டன் எகிறிப் பிடிப்பார். அன்று முழுக்க அதில் நாங்கள் ஒரு பந்தைக்கூட விடவில்லை. பிடித்துத் தள்ளினால் ட்ரை. ட்ரை என்றால் கேடயம்.

நான் தாங்கியோடு உள்ளே ஓடிக்கொண்டிருந்தேன்.

எப்போது ஓட ஆரம்பித்தேன் என்று எனக்குத் தெரியாது. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். பின்னாலிருந்து யாரோ ஓர் அங்கிள், "கோலுக்கு அடி, கோலுக்கு அடி" என்று கத்தினார். அவர்மேல் பழி போட எனக்கு உரிமை இல்லை. என் தலைக்குள் பதினேழும் மூன்றும் இருபது என்று ஒரு மணி அடித்தது, அவ்வளவுதான். தோற்கமாட்டோம். அந்த ஒரு நினைப்பு. வருடம் முழுக்கத் தோற்றுப் பழகினவனுக்குத் தோற்காமல் இருப்பதே பெரிய வெற்றியாகத் தெரியும். லீக்கில் இப்படி ஒரு சமன் கிடைத்தால் நாங்கள் ஒரு வாரம் கொண்டாடுவோம். கால் அந்தக் கணக்கில்தான் ஓடியது. கேப்டன் என்னைப் பார்த்ததையும் கை நீட்டி நிறுத்தச் சொன்னதையும் நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே தாங்கியைக் கொண்டுபோய் ஆசிரியரின் காலடியில் வைத்தேன்.

ரக்பியில் ஒரு விதி இருக்கிறது. தாங்கி உள்ளே வந்துவிட்டால், கோலுக்கு உதைக்கப் போகிறோம் என்று நடுவரிடம் சொன்னதற்குச் சமம். சொல்லிவிட்டால் மாற்ற முடியாது, உதைத்தே ஆகவேண்டும். வாயைத் திறந்து சொல்லியிருக்கவேண்டும் என்பதில்லை. அணியில் இந்த விதியைப் படித்திருந்தவன் நான் ஒருவன்தான்.

நடுவர் கம்பத்தை நோக்கிக் கையை நீட்டினார். கேப்டன் ஓடிப்போய் அவரிடம் பேசினார். நான் கேட்கவில்லை, அவனாக வந்துவிட்டான், நாங்கள் வெளியே உதைக்கிறோம் என்று மூன்று மொழியிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். நடுவர் நல்ல மனிதர். முகத்தில் வருத்தம் தெரிந்தது. ஆனாலும், தாங்கி வந்துவிட்டது கேப்டன், நான் கையும் காட்டிவிட்டேன் என்று சொல்லித் தலையாட்டினார். அவர் செய்தது சரி.

ஆசிரியர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் இன்னும் திடலுக்குள்ளேயே நின்றேன், வெளியே போகக் கால் வரவில்லை. அப்போதும் என் மூளை சும்மா இருக்கவில்லை. "கம்பத்துல அடிங்கண்ணே," என்றேன். "பட்டுத் திரும்பி வந்தா நாம புடிச்சி ஓடலாம், விதியில இருக்கு."

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "தம்பி," என்றார், "நீ பேசாத." அதட்டவில்லை. பிறகு ஆசிரியரைப் பார்த்து, "நேரா அடிங்க, சார்," என்றார். கேப்டன் அவரை அதற்குமுன் 'சார்' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஆசிரியர் நேராக அடித்தார். பந்து நடுவில் போனது. இருபதுக்கு இருபது. விசில்.

எங்கள் ஆட்கள் குதித்தார்கள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. விதி தெரியாத குடும்பத்தார் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கத்தினார்கள். சரி, அவர்களுக்குத் தெரியாது. எங்கள் முன்வரிசை ஆள் ஒருவர், அந்த மருத்துவமனை உதவியாளர், அவரே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பத்து அடி ஓடினார். ஓடி, நின்று, கையைக் கீழே போட்டார். அந்தப் பக்கம் எதிரணிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். சமனில் முடிந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கொண்டாடியதை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் எவ்வளவு அழகான ஆட்டம் என்று நினைத்திருப்பார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் மன்றத்துக்குள் இரண்டு அணியும் எதிரெதிராக நிற்கும். கேட்டு வந்த அணியின் கேப்டன் கேடயத்தை ஆணியிலிருந்து எடுத்து, வைத்திருக்கிற அணியின் கேப்டன் கையில் கொடுக்கவேண்டும்: உங்களுடையது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். போன இரண்டு தடவை கேப்டன் அதைச் சிரித்துக்கொண்டே, ஏதோ பீங்கான் தட்டு எடுத்துக் கொடுக்கிற மாதிரி செய்தார். இந்தத் தடவை எடுத்தவர் கொடுக்கவில்லை. சேற்றுக் கையோடு பிடித்துக்கொண்டு, சாய்த்து, அந்தத் தகடுகளைப் படித்தார். எல்லோரும் காத்திருந்தோம். எதிரணி கேப்டன் நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. பிறகு கேப்டன் கொடுத்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வலது விரல் வலித்தது.

வேனில் கிள்ளானுக்குத் திரும்பும்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல். யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. லோரி அண்ணன்தான், "அடுத்த தடவ இவன் கால ரெண்டையும் கட்டிப் போட்டுட்டுத்தான்டா கூட்டிட்டுப் போவணும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அடுத்த தடவை என்ற வார்த்தை வேனுக்குள் கிடந்தது.

முதலில் சிங்கப்பூர்க்காரர்கள் போனார்கள். ஒவ்வொருவராகக் குழுவில் ஒரு நன்றி, ஒரு கும்பிடு, வெளியேறினார் என்ற வரி. கேப்டன் கடைசியாகப் போனார். வீட்டுச் சாமான் ஏற்ற லோரி அண்ணன் தன் லோரியையே கொண்டுவந்தார். நானும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து போய் சோபா தூக்கினேன், அலமாரி தூக்கினேன், எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தேன். எல்லாம் ஏற்றியபின் கேப்டன் பின்பக்கத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார். அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை.

"அண்ணே," என்றேன், "அன்னிக்கு நான் ஓடாம இருந்திருந்தா?"

அவர் முடிச்சை இறுக்கினார். "லைன்-அவுட்ல பந்த விட்டிருப்போம்டா. நம்ம சிக்னல அவனுங்க கண்டுபுடிச்சிட்டானுங்க."

நான் தலையாட்டினேன். அன்று அவர் ஒவ்வொரு தடவையும் எகிறினார், ஒவ்வொரு தடவையும் பிடித்தார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கடைசிப் பந்தையும் பிடித்திருப்பார் என்பதும் தெரியும். எனக்காக அவர் தன் கையையே குறை சொல்கிறார். நான் அதைத் தடுக்கவும் இல்லை. "ஆமாண்ணே," என்றேன். "அந்தப் பக்கம் கயித்தப் புடி," என்றார். பிடித்தேன்.

அடுத்த வியாழக்கிழமை வழக்கம்போல் ரயில் ஏறினேன். திடலில் லோரி அண்ணனும் ஆசிரியரும் பூட்ஸ் போடாமல் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் அரை மணி நேரம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். நகராண்மைக் கழகத்து ஆள் ஒருவர் தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை.

"செக்ரட்டரி, இன்னிக்கி ட்ரெய்னிங் இருக்கா இல்லையா?" என்று லோரி அண்ணன் கேட்டார். இருக்கிறது, இல்லை என்று சொல்லவேண்டியது எப்போதும் என் வேலைதான். மழையில், ஆள் குறைவில், நோன்பு மாதத்தில், எத்தனையோ வியாழக்கிழமைகளில் நான் இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"இல்ல லா, அண்ணே," என்றேன்.

ஆசிரியர் எழுந்து கால்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டார்.